குனோப்பின் 'வருடல்'

கலையிலே பொருள் மயக்கம் காணப்பட்டால், அதனை 'நலிவுக் கலை' என ஒரு சொல்லில் ஒதுக்கிவிடும் பழக்கம் நம் விமர்சகரிடையே உண்டு. குறியீட்டுவாத ஓவியர்மீது இத்தீர்ப்பு மிக எளிதாக வழங்கப்படுகின்றது. பெல்ஜிய ஓவியர் பெர்னான் குனோப் (1858-1921) 1896இல் தீட்டிய 'வருடல்' என்னும் ஓவியத்தைக் கொண்டு இத்தீர்ப்பைச் சோதித்தல் தகும்.

பிரசெல்ஸ் அரச நுண்கலை அரும்பொருட்சாலையில் உள்ள இவ்வோவியத்தின் அகலம் உயரத்தின் மும்மடங்காகும். இடப்புறத்தே மேலாடையற்ற இளைஞன் ஒருவன் நிற்கின்றான். பெண்முகமும் சிறுத்தையுடலும் கொண்ட உருவமொன்று அவன் கன்னத்தோடு கன்னம் சேர்த்துக் கண்மூடியிருக்கின்றது. அதன் முன்னங்கால் அவன் வயிற்றிலே படிந்துள்ளது. அது கொஞ்சுகின்றதா, கைப்பற்றுகின்றதா? அவனோ விலகவுமில்லை, அதன்பால் முகந்திருப்பவுமில்லை, நம்மையே நோக்குகின்றான். இரு முகங்களும் ஒரே சாயலின.

1889இல் வரைந்த 'நினைவுக'ளிலும் இந்நிலையே. புல்வெளியிலே டென்னிஸ் ஆட வந்த பெண்கள் எழுவர். எழுவருக்கும் மாதிரி ஓவியரின் தங்கை மார்கரித் ஒருத்தியே. அருகருகே நின்றும் ஒருவரையொருவர் அவர்கள் காண்பதில்லை.

1886 மார்ச்சிலே லியேஜில் தொடங்கிச் சார்லருவாச் சுரங்கப் பகுதிக்குப் பரவிய தொழிலாளர் கிளர்ச்சியைப் படையினர் துப்பாக்கியால் அடக்கினர். கொன்ஸ்தாந்தன் மேனியே சுரங்கத் தொழிலாளரைத் தம் கலையின் நாயகராக்கினார். நீதித்துறைக் குடும்பத்திற் பிறந்த குனோப்பின் ஓவியங்களிலோ அத்துப்பாக்கியோசை கேட்பதில்லை. இக்குறையை மறைக்கவேண்டியதில்லை.

ஆயினும், மனித உறவையும் உடைமையாக்கிவிட்ட ஒரு சமுதாயத்திலே, நெருக்கத்தினுள்ளும் ஆதிக்கம் ஒளிந்திருக்கும் என்ற உண்மையை அவர் பொய்யான இனிமை பூசி மறைக்கவில்லை. 'வருட'லின் மயக்கம் அவ்வுண்மையின் சாயலே.

உண்மையான குறை மயக்கமற்ற இடத்திலேதான் உள்ளது. விலங்கின் உடல் பெண்ணுக்கே அளிக்கப்பட்டது. இதில் ஓவியருக்கு ஐயமே எழவில்லை. சட்டக் கலாநிதியான மாரி பொப்லென் வழக்கறிஞராவதற்கு, அவர் பெண் என்ற காரணத்தால், பிரசெல்ஸ் நீதிமன்றம் 1888இல் அனுமதி மறுத்தது. பெண் உரிமை கேட்டெழுந்த அக்காலத்திலே, அவளைக் கவர்ந்து அழிக்கும் விலங்காகக் கற்பனை செய்தது ஐரோப்பிய ஆடவரின் அச்சமாகும்.

எனவே, ஓவியம் தெளிவற்றது என்று மட்டும் கூறி அமைதல் விமர்சனமாகாது. எது ஐயத்துக்குட்பட்டது, எது ஐயமின்றி ஏற்கப்பட்டது என ஆராய்தல் வேண்டும். தொழிலாளியின் வீட்டிலும் அன்பும் ஆதிக்கமும் கலந்தே வாழ்கின்றன. அவ்விடத்தைப் பேசாது விடும் முற்போக்கு விமர்சனம் தன் கடமையிற் பாதியையே செய்ததாகும்.