பயணக் கட்டுரைக்கு என்ன விலை?

வேலை ஓய்வுக்குப் பிறகு, "பயணக் கட்டுரை எழுதித் தருகிறேன்" என்று ஆசிரியர்களை அணுகும் மூத்தவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுடைய கடிதத்தின் முதல் வரியிலேயே ஒரு எண் இருக்கும். முப்பது நாடு, நாற்பது நாடு. பாஸ்போர்ட்டில் விழுந்த முத்திரைக்கும் எழுத்துக்கும் என்ன சம்பந்தம்னு எந்த ஆசிரியரும் கேட்கிறதில்லை. நல்ல படம் இருக்கா, பக்கத்துக்குள்ள அடங்குமா, அவ்வளவுதான். சன்மானப் பேச்சே கிடையாது. (இலக்கிய இதழ்களும் இதில் யோக்கியம் இல்லை. இந்தக் கட்டுரையும் சும்மா எழுதியதுதான்.)

எண்ணைக் காட்டிப் பெருமைப்பட ஏ.கே.செட்டியாருக்கு முழு உரிமை இருந்தது. 1911இல் கோட்டையூரில் பிறந்தவர். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் ஒளிப்படக்கலை படித்தார். காந்தி ஆவணப்படத்துக்காகச் சுமார் ஒரு லட்சம் மைல் அலைந்து 50,000 அடி பிலிம் சேர்த்தார். 1940இல் படம் வெளிவந்தது. இப்படிப்பட்ட மனிதரை அவருடைய பயண நூல்களில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வாக்கியம் சின்னது, வியப்பு குறைவு, எதிரில் வருகிறவருக்கே பேச்சு அதிகம். 'மலேயா முதல் கனடா வரை' என்று நம் நாட்டைத் தலைப்பிலேயே வைத்த நூலும் அவருக்கு உண்டு. ஆசிரியர் யாரும் கூப்பிடட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. 1943இல் 'குமரி மலர்' என்று சொந்தப் பத்திரிகையே தொடங்கினார். மற்றவர்கள் எழுதிய பழைய பயணக் கட்டுரைகளையும் தேடித் தொகுத்தார். என்னைக் கேட்டால் அவருடைய பெரிய காரியம் அதுதான். தனக்கு முன்னால் அந்த வழியில் போனவனை வாசித்த பயணி அவர்.

மணியன் நேர் எதிர். விகடனில் அவர் எழுதிய 'இதயம் பேசுகிறது' தொடரின் பெயரே பின்னால் அவருடைய பத்திரிகைக்கும் பெயரானது. வாசகர்கள் கொண்டாடினார்கள். ஆனா இதயம் பேசப் பேச ஊர் வாயை மூடிக்கொள்ளும். இன்று ஆசிரியர்களுக்கு வந்து சேர்பவை பெரும்பாலும் இந்த வழி வந்தவைதான். மலேசியா என்றால் இரட்டைக் கோபுரம், பத்துமலை முருகன், கெந்திங் கேபிள் கார், நடுவில் "நான்".

சுங்கை பூலோவை எடுத்துக்கொள்வோம். இங்கே செடி வாங்க வராத கிள்ளான் பள்ளத்தாக்குக்காரர் குறைவு. வார இறுதிப் பக்கத்துக்கு நர்சரி, போன்சாய், எம்ஆர்டியில் எப்படி வருவது என்று எழுதினால் கட்டுரை முடிந்தது. அந்த நர்சரிகளில் பல, குணமான தொழுநோயாளிகள் பிழைப்புக்காகப் போட்டவை. 1930இல் திறந்த குடியிருப்பு அது. நோயாளிகள் புழங்குவதற்கென்று தனி நோட்டே அச்சிட்டார்கள், வெளியாட்கள் அந்தக் காசைத் தொடக்கூடாது என்ற பயத்தில். உள்ளே பிறந்த குழந்தைகளைப் பெற்றவர்களிடமிருந்து பிரித்துத் தத்துக் கொடுத்தார்கள். 2007இல் கிழக்குப் பகுதி வீடுகளை இடித்துப் பல்கலைக்கழக மருத்துவ வளாகம் கட்டப் போனார்கள். போகன்வில்லாவின் விலையை எழுதிவிட்டு இதையெல்லாம் விட்டுவிடுகிற கட்டுரையை எப்படிப் பயணக் கட்டுரை என்பது? விலைப்பட்டியல்னு சொல்லலாம்.

இங்கேதான் அந்த மூத்த எழுத்தாளரின் உண்மையான சரக்கு இருக்கிறது. அது நாற்பது நாடு இல்லை. அவருக்கு நேரம் இருக்கு, பழைய பசார் மலாய் வாயில் வரும், எண்பது வயது ஆளோடு வாசல்படியில் உட்கார்ந்து அவசரப்படாமல் பேசத் தெரியும். என் வயதுக்காரன் போனைத்தான் முதலில் நீட்டுவான். குடியிருப்பில் மிஞ்சியிருக்கிறவர்கள் சிலர்தான், எல்லாரும் முதியவர்கள். இன்னும் பத்து வருஷம் கழித்து எழுதிக்கலாம் என்பது இதில் நடக்காது.

செட்டியார் போல எல்லாராலும் சொந்தமாகப் பத்திரிகை நடத்த முடியாது. ஆகவே ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கலாம். அடுத்த முறை இப்படி ஒருவர் எழுதும்போது நாடுகளின் பட்டியலைத் தள்ளிவைத்துவிட்டு, வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் இருக்கும் ஒரு இடத்தைக் கேளுங்கள். மூன்று சனிக்கிழமை போய்வரச் சொல்லுங்கள். பெட்ரோலுக்கும் டோலுக்கும் காசை முன்னாடியே கொடுத்துடுங்க.