வாசகரை வளர்த்த ‘எழுத்து’

இலக்கிய ஏடு ஒன்றைத் தொடங்குவது எளிது. தொடர்ந்து நடத்துவது அரிது. நடத்துங் காலமெல்லாம் அதில் வரும் எழுத்தின் புதுமை குன்றாமற் காப்பது அதனினும் அரிது. இவ்விரு அருஞ்செயல்களையும் ஒருங்கே மேற்கொண்ட ஏடுகளுள் முதன்மையானது, சி. சு. செல்லப்பா நடத்திய ‘எழுத்து’. 1959 சனவரியில் சென்னைத் திருவல்லிக்கேணியிலிருந்து வெளிவரத் தொடங்கிய அவ்வேடு, 1970இல் நின்றுபோகும் வரை 119 இதழ்களைக் கண்டது. புதுக்கவிதையை வளர்த்த ஏடு என்றே அது பெரிதும் பேசப்படுகிறது. அதற்கென ஒரு வாசகர் கூட்டத்தை அது உருவாக்கிக்கொண்ட முறையும் அதே அளவு ஆராய்தற்குரியதாகும்.

‘எழுத்து’ தோன்றிய காலம் வார இதழ்கள் கொடிகட்டிப் பறந்த காலம். தொடர்கதைகளின் துணைகொண்டு அவை விற்பனையைப் பெருக்கி வந்தன. ‘மணிக்கொடி’ மரபில் வந்த செல்லப்பா அதற்கு நேர்மாறான பாதையைத் தேர்ந்தார். இரண்டாயிரம் படிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை, கடைகளில் விற்பதில்லை, சந்தா செலுத்துவோர்க்கே அனுப்புவது எனத் தொடக்கத்திலேயே வரையறுத்துக்கொண்டார். அந்த எல்லையையும் ஏடு ஒருபோதும் எட்டவில்லை. வணிக நோக்கில் இதனைத் தோல்வி என்றே கூறல் வேண்டும். ஆயினும், எத்தகைய வாசகர் வேண்டும் என்பதில் ஆசிரியர்க்கு இருந்த தெளிவை இவ்வரையறை புலப்படுத்துகிறது. தேடிவந்து படிப்பவரே அவர் நாடிய வாசகர். அத்தகையோர் ஒரே நாளில் திரண்டு வருவதில்லை என்பதை அவர் அறிந்திருந்தார். ஆகவே காத்திருந்தார். காத்திருந்த காலத்தில் வாளாவிருக்கவுமில்லை. நூல் மூட்டையைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார்.

வந்து சேர்ந்த வாசகரை அவர் எவ்வாறு நடத்தினார் என்பதே இங்கு முதன்மையான வினா. படித்து மகிழ்ந்து ஒதுங்கிவிடுபவராக அவர்களை அவர் கருதவில்லை. படித்ததைப் பற்றி எழுதத் தூண்டினார். மாறுபட்ட கருத்துகளுக்கும் இடமளித்தார். வாசகராய் வந்த வெங்கட் சாமிநாதன் இவ்வேட்டின் வழியே விமர்சகராய் உருவானார். ஈழத்துத் திருகோணமலையிலிருந்து எழுதிய இளைஞர் தருமு சிவராமு, பின்னாளில் பிரமிள் எனப் புகழ்பெற்றார். தமிழ்ப் பேராசிரியர் சி. கனகசபாபதி, பழந்தமிழ்ப் புலமையோடு புதுக்கவிதையை அணுகிக் கட்டுரைகள் வரைந்தார். மரபுக் கல்வி பெற்றோர் புதுமையை வெறுத்தே தீருவர் என்னும் எண்ணத்தை அக்கட்டுரைகள் பொய்யாக்கின. வாசகர் எண்ணிக்கை சிறிதாயினும், அவர்களுட் பலர் எழுத்தாளராயினர் என்பதே இவ்வேட்டின் உண்மையான வளர்ச்சி.

எழுத்தின் புதுமை குன்றாது நின்றதற்கும் இதுவே காரணம். விமர்சனத்தை முதன்மை நோக்கமாகக் கொண்டே ‘எழுத்து’ தோன்றியது. கவிதை ஏடாவது அதன் தொடக்கத் திட்டமன்று. முதல் இதழில் ந. பிச்சமூர்த்தியின் பழைய கவிதை ஒன்று மறுபதிப்பாக வந்தது. அடுத்து, பசுவய்யா என்னும் பெயரில் சுந்தர ராமசாமி எழுதினார். சி. மணி, எஸ். வைத்தீஸ்வரன், தி. சோ. வேணுகோபாலன் முதலியோர் தொடர்ந்து வந்தனர். எதிர்பாராது வந்த இப்புதுவரவுகளுக்கு வழிவிட்டு, ஏட்டின் போக்கையே மாற்றிக்கொள்ள ஆசிரியர் தயங்கவில்லை. கவிதைகளை வெளியிட்டதோடு அமையாமல், அவற்றை எவ்வாறு படிப்பது என்று விளக்கியும் எழுதினார். அதன் பயனாக, 24 கவிஞர்களின் 63 கவிதைகள் அடங்கிய ‘புதுக்குரல்கள்’ 1962இல் வெளிவந்தது. சில நூறு பேர் படித்த ஏட்டில் மலர்ந்த அக்கவிதைகள், பின்னர் மதுரைப் பல்கலைக்கழகத்தில் பாடமாகவும் இடம்பெற்றன.

எனினும், குறைகாணாது போற்றுவது திறனாய்வாகாது. படைப்பைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஆராயும் செல்லப்பாவின் ‘அலசல்’ முறை, தொடக்கத்தில் கண்திறப்பாக அமைந்தது. நாளடைவில் அதுவே பழக்கமாய் இறுகியது. அவருடைய உரைநடையும் நீண்டு சுற்றிச் செல்லும் இயல்பினது. புதிதாய் வரும் வாசகரை அது எளிதில் உள்ளே விடாது. 1968இல் சேலத்திலிருந்து ‘நடை’ தோன்றியபோது, சி. மணி, ந. முத்துசாமி போன்ற ‘எழுத்து’க் கவிஞரும் கதைஞரும் அங்குத் தம் அடுத்த சோதனைகளைத் தொடங்கினர். ‘எழுத்து’ காலாண்டிதழாய்ச் சுருங்கி, பின் நின்றது. பொறுமை மட்டும் ஓர் ஏட்டைக் காப்பாற்றாது. ஆசிரியரின் சொந்த எழுத்தும் காலந்தோறும் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு அதன் இறுதி ஆண்டுகளே சான்று.

வாசகரை எழுத்தாளராக்கும் இம்முயற்சி மலேயாத் தமிழர்க்குப் புதிதன்று. ‘எழுத்து’க்கு முன்பே, 1950இல் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினர். சிறுகதையின் இலக்கணத்தைப் பாடமாகக் கற்பித்து, வாசகரையே கதை எழுதப் பயிற்றிய முயற்சி அது. இங்குச் சிறுகதை வளர்ந்த வரலாற்றில் அதற்குத் தனியிடம் உண்டு. சென்னையில் தனியொருவர் தம் கைப்பொருளை இழந்து செய்ததை, இங்கு ஒரு நாளிதழ் தன் பக்கங்களை ஈந்து செய்தது. வழிகள் வேறாயினும் இரண்டன் அடிப்படையும் ஒன்றே.

தமிழ்ப்பள்ளிகளில் மாணவர் இதழ் நடத்தும் ஆசிரியர்க்கு இவ்விரு முயற்சிகளும் நல்ல வழிகாட்டிகள். எத்தனை படிகள் விற்றன என்று கணக்கிடுவதோடு, படித்தவருள் எத்தனை பேர் மறுமொழி எழுதினர் என்றும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆண்டுதோறும் அதே தலைப்புகளில் அதே கட்டுரைகளை நிரப்பாமல், மாணவன் ஒருவன் எதிர்பாராத முறையில் எழுதிக் கொணர்ந்தால் அதற்கு இடமளிக்கும் துணிவும் வேண்டும். முதல் ஆண்டில் நால்வரே எழுதினாலும் மனந்தளர வேண்டுவதில்லை. அந்நால்வரும் மறு ஆண்டும் எழுத விரும்பினால், அவ்விதழ் வேரூன்றிவிட்டது எனக் கொள்ளலாம்.