இரும்பிலிருந்து கேட்கத் தொடங்குதல்: டிரினிடாடின் பான் இசையை ரசிக்கும் முறை

கரீபியன் கடலின் தென்கோடித் தீவான டிரினிடாடில் பிறந்த ஸ்டீல்பான் இசையைப் பதிவுகளில் மட்டும் கேட்டவர்கள், கடற்கரை விடுதி விளம்பரங்களின் பின்னணியில் மணியோசைபோல் தவழும் மெல்லிய மெட்டையே அதன் முழு வடிவம் என்று எண்ணிவிடுவதுண்டு. நூறு பேருக்கு மேல் சேர்ந்து வாசிக்கும் குழுவில் அந்த மெட்டு மேலே படர்ந்திருக்கும் ஏடு மட்டுமே. அதன் அடியில் சுருதிகளின் அடுக்குகளும், அவற்றுக்கும் அடியில் இரும்பின் தாளமும் இருப்பதால், இவ்விசையைக் கீழிருந்து மேலாகக் கேட்கப் பழகுவதே சரியான தொடக்கமாகும். டிரினிடாட் மக்கள் இக்கருவியைச் சுருக்கமாகப் 'பான்' என்கிறார்கள்; 'ஸ்டீல் டிரம்' என்று சொல்பவரை வெளியூர்க்காரர் என்று உடனே அடையாளம் கண்டுகொள்கிறார்கள். இரண்டாம் வேற்றுமை உருபு சேர்ந்தால் இச்சொல் தமிழில் 'பானை' ஆகிவிடுகிறது. குழிந்த அதன் உருவத்தைப் பார்த்தால் அது பெரும் பிழையுமன்று.

முதலில் ஒற்றைச் சுரத்தைக் கேட்கவேண்டும். எண்ணெய் நிரப்பப் பயன்பட்ட, ஏறத்தாழ 208 லிட்டர் கொள்ளும் பீப்பாயின் அடித்தகட்டைச் சுத்தியலால் அடித்தடித்துக் கிண்ணம்போல் குழிவாக்கி, ஒவ்வொரு சுரத்துக்கும் உரிய இடத்தைச் சுற்றி வரம்பிட்டு, பின்னர் நெருப்பில் காட்டிப் பதப்படுத்தி, சிறு சுத்தியல்களால் சுருதி சேர்க்கிறார்கள். தேர்ந்த கைவினைஞர் ஒவ்வொரு சுரப்பரப்பிலும் ஆதார ஒலியை மட்டுமன்றி, அதன் மேல் ஸ்தாயி ஒலியும் அதே பரப்பிலிருந்து எழுமாறு உலோகத்தை இணக்குகிறார். ரப்பர் நுனியுள்ள குச்சி தொட்டவுடன் எழும் மழுங்கிய ஒலியும், அதையடுத்து மலரும் பளபளப்பும் ஒன்றன்பின் ஒன்றாகக் காதில் விழத் தொடங்கினால், கேட்பவர் முதற்படியைக் கடந்துவிட்டார் எனலாம். மிக உயர்ந்த குரலுடைய டெனார் பானில் சட்சத்தின் ஒரு பக்கம் பஞ்சமமும் மறுபக்கம் மத்திமமும் அமையுமாறும், அதே சுரத்தின் மேல் ஸ்தாயி அதற்கு நேர் உள்ளே அமையுமாறும் சுரங்கள் வட்டமாக அடுக்கப்பட்டுள்ளன. ஒரு சுரத்தை அடிக்கும்போது அதிரும் அண்டைப் பரப்புகள் அதற்கு இசைவானவையாகவே இருக்க இந்த அமைப்பு வழிசெய்கிறது. 'சிலந்தி வலை' என்னும் பெயருடைய இவ்வகை அடுக்கு, பான் குழுக்களுக்கான பனோரமாப் போட்டி முதன்முதலாக 1963இல் நடந்தபோது அதில் நார்த் ஸ்டார்ஸ் குழுவை வெற்றிபெறச் செய்த டோனி வில்லியம்ஸின் பெயரோடு சேர்த்துப் பேசப்படுகிறது.

அடுத்துக் காது இறங்கவேண்டிய இடம் 'எஞ்சின் ரூம்' எனப்படும் தாளப் பகுதி. அங்கே பழைய வாகனங்களிலிருந்து கழற்றிய பிரேக் டிரம்களை இரும்புக் கம்பியால் அடிக்கிறார்கள். இதற்கு 'அயர்ன்', அதாவது இரும்பு, என்றே பெயர். முதன்முறை கேட்பவருக்கு இது இரைச்சலாகத் தோன்றக்கூடும் என்றாலும், பான் இசையின் வரலாறு முழுவதும் இந்த இரைச்சலில்தான் உறைந்திருக்கிறது. 1881இல் கார்னிவல் திருவிழாவின்போது ஆப்பிரிக்க வழிவந்த மக்களுக்கும் காலனியக் காவலர்களுக்கும் மோதல் வெடித்தபின், 1884இல் வந்த சட்டம் தோல்முரசுகளுக்குத் தடைபோட்டது. தோல் மறுக்கப்பட்டவர்கள் மூங்கிலை வெட்டித் தரையில் குத்தித் தாளம் எழுப்பினார்கள். முரசைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து அதற்குத் 'தம்பூ பாம்பூ' என்ற பெயர் வந்தது. 1930களில் மூங்கிலின் இடத்தைப் பிஸ்கட் டின்களும் குப்பைத்தொட்டி மூடிகளும் பிடித்தன. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945இல் தெருவுக்கு வந்த குழுக்களின் கைகளில் உலோகம் மட்டுமே இருந்தது. ஹாலிவுட் படங்களின் தாக்கத்தில் டெஸ்பராடோஸ், ரெனகேட்ஸ் என்றெல்லாம் பெயர் வைத்துக்கொண்ட அக்குழுக்கள் தெருவில் அடிதடியிலும் இறங்கியதால், கௌரவமான வீட்டுப் பிள்ளைகள் அவற்றின் பக்கம் போகக்கூடாதென்று தடுக்கப்பட்டனர். அதே கருவி 1992இல் தேசிய இசைக்கருவியாக அறிவிக்கப்பட்டது.

பானைக் கேட்க மிகச் சிறந்த இடம் போட்டி மேடையன்று, 'பான்யார்டு' எனப்படும் பயிற்சி முற்றம். கார்னிவலுக்கு முந்தைய வாரங்களில் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினின் முற்றங்களில் இரவுதோறும் பயிற்சி நடக்கிறது. வாசிப்பவர்களில் பெரும்பாலோர் இசைக்குறிப்பைப் பார்க்காமல், துண்டு துண்டாகக் காதால் கேட்டே முழு உருப்படியையும் மனப்பாடம் செய்கிறார்கள். ஒரே நான்கு அடிகள் இருபது முறை திரும்பத் திரும்ப வருவது சலிப்பூட்டும் என்று அஞ்சத் தேவையில்லை, ஏனெனில் இசையின் உள்கட்டமைப்பு அப்போதுதான் வெளித்தெரிகிறது. நாற்காலி தேடி உட்காராமல் நடந்துகொண்டே கேட்பது நல்லது. டெனார் வரிசையருகே மெட்டும், டபுள் செகண்டு, செல்லோ பான்களருகே இடைக்குரல்களும் தனித்துக் கேட்கும். முழுப் பீப்பாய்கள் ஆறையோ ஒன்பதையோ தன்னைச் சுற்றி நிறுத்தி, உடலைத் திருப்பித் திருப்பி வாசிக்கும் பாஸ் கலைஞரின் பின்னால் நின்றால், ஒலி காதுக்கு முன்பே நெஞ்சுக்கூட்டில் வந்து மோதும்.

பனோரமாவுக்காக அமைக்கப்படும் உருப்படி, பலரும் அறிந்த, கலிப்சோ என்னும் உள்ளூர்ப் பாடல்வகையைச் சேர்ந்த ஒரு பாடலை எடுத்துக்கொண்டு, முன்னிசை, மெட்டு, அதன் விரிவுகள், சுருதி மாற்றம், சோகச் சாயல் கொண்ட ஒரு பகுதி, இரண்டொரு சுர அடுக்குகளையே சுழற்றி வெறியேற்றும் 'ஜாம்' என எட்டு நிமிட அளவில் வளர்கிறது. மூலப் பாடலை முன்கூட்டியே கேட்டு வைத்திருப்பவருக்கே மெட்டு எங்கே ஒளிந்து எந்த வரிசையில் மீண்டும் தலைகாட்டுகிறது என்பது புலப்படும். ரெனகேட்ஸ் குழுவுக்கு ஒன்பது பனோரமா வெற்றிகளைத் தந்த ஜிட் சமரூ, ஒப்பந்தக் கூலிகளாக வந்த இந்தியர்களின் வழித்தோன்றல். அவர் அமைத்த உருப்படிகளில் மின்னலாய் ஓடும் சுரக்கோவைகளை நூறு கைகளும் ஒரே கையாய் வாசிக்கின்றனவா என்பதே கவனிக்கத்தக்கது. வேகம் மட்டுமே கைத்தட்டல் பெறும் ஆண்டுகளும் உண்டு. அவ்வுருப்படிகள் மறுநாள் நினைவில் நிற்பதில்லை.

இத்தனைக்கும் பிறகு, கார்னிவல் திங்கட்கிழமை விடியலுக்கு முன் தொடங்கும் 'ஜூவே' ஊர்வலத்தில், ஒற்றைப் பானைக் கழுத்தில் தொங்கவிட்டு நடந்தபடி வாசிக்கும் பழைய பாணிக் குழுவைத் தேடிப் போகலாம். அங்கே மேடையும் நடுவர்களும் இல்லை. சேறு பூசிய கூட்டத்துக்குள் புகுந்து, பிரேக் டிரம் அடிப்பவருக்கு இரண்டடி பின்னால், அவர் நடைக்கு ஒத்த நடையில் போனால் போதும்.