விளம்பர முழக்க ஆய்வுகளைச் சலித்தெடுத்தல்

விளம்பர முழக்கங்களைப் பற்றி இதுகாறும் வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டி, முன்னரே வகுத்த விதிகளின்படி கொள்ளுவன கொண்டு, தள்ளுவன தள்ளி, எஞ்சியவற்றிலிருந்து முடிவு கூறும் முறைசார் தொகுப்பாய்வுகள் இந்நாளில் பல்கி வருகின்றன. அம்முடிவுகளின் தகுதி சலிக்கும் முறையைப் பொறுத்தது.

சலித்தல் இருபடித்து. தலைப்பையும் சுருக்கத்தையும் மட்டும் நோக்கிக் கழிப்பது முதற்படி. முழுக் கட்டுரையையும் பயின்று கழிப்பது இரண்டாம் படி. பலரும் பின்பற்றும் நெறிமுறை 2021-இல் வெளியான 'பிரிஸ்மா 2020' ஆகும். அதன் வரைபடம் இரண்டாம் படியில் கழித்தவற்றிற்குக் காரணம் வேண்டுகின்றது. முதற்படிக்கோ எண்ணிக்கையே போதும். பெரும்பாலான ஆய்வுகள் வீழ்வது அம்முதற்படியிலன்றோ? பழைய கட்டுரைகள் பலவற்றிற்குச் சுருக்கமே இல்லை. அவற்றை எது கொண்டு சலிப்பது?

சொல்லால் நேரும் இடர் இதனினும் பெரிது. 'ஸ்லோகன்' என்பது ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் போர் முழக்கத்தைக் குறித்த சொல்லினின்றும் பிறந்தது. இன்று அரசியலுக்கும் வாணிகத்துக்கும் அது பொது. ஆதலின் அச்சொல்லை இட்டுத் தேடின், தேர்தல் முழக்க ஆய்வுகளும் வந்து குவியும். அவற்றைக் கழித்தல் எளிது. வலையில் வாராதவையே கவலைக்குரியன. விளம்பர முழக்கத்தை அமெரிக்கர் 'டாக்லைன்' என்றும், ஆங்கிலேயர் 'ஸ்ட்ராப்லைன்' என்றும், செருமானியர் 'கிளெய்ம்' என்றும் வழங்குதல் உண்டு. இச்சொற்களை இட்டுத் தேடாதார்க்கு அவ்வாய்வுகள் இல்லாதனவே.

ஜெப்ரி லீச் என்னும் மொழியியலறிஞர் விளம்பர ஆங்கிலத்தைப் பற்றி 1966-இல் ஒரு நூல் வெளியிட்டார். அத்துறையின் முன்னோடி நூல்களுள் அதுவும் ஒன்று. 'ஆய்விதழ்க் கட்டுரைகளை மட்டும் கொள்க' என்னும் விதியின்முன், நூல் என்ற ஒரே காரணத்தால் அது புறத்தே நிற்கும். பின்னர், 'விளம்பர மொழியை ஆய்ந்தார் சிலரே' எனத் தொகுப்பாளர் எழுதுவாராயின், அவ்வின்மை துறைக்கு உரியதா, அவர்தம் சல்லடைக்கு உரியதா?

இருவர் தனித்தனியே சலித்து ஒத்த முடிவினர் ஆயினர் என்று காட்ட, ஜேக்கப் கோகென் 1960-இல் வகுத்த கப்பா அளவையை எடுத்துரைப்பர். நன்றே. ஆயினும் குறையுடைய விதியொன்றைக் கற்ற இருவரும் ஒருங்கே பிழை செய்வர்; கப்பாவோ உயர்ந்தே நிற்கும். ஒற்றுமையை அளக்கும் கருவியை உண்மையின் அளவையாகக் கொள்வதை யான் ஏலேன்.

ஐயத்துக்கு இடமானவற்றை முதற்படியில் கழியாது இரண்டாம் படிக்கு விடுதல் வேண்டும். கழித்தவற்றுள் ஒரு பகுதியையேனும் மூன்றாமவர் ஒருவர் முழுமையாகப் படித்துப் பார்த்தல் நன்று. தொகுப்பாளர் கழித்த தலைப்புக்களின் பட்டியலையும் பின்னிணைப்பாகத் தருவாராயின், அவர் கொண்டவற்றோடு தள்ளியவற்றையும் கற்பார் ஆராய்ந்து கொள்வர்.