பாரத்துக்குக் கீழே போகிற கலை

மூணாறு மலைச்சரிவுகளில் கொழுந்து மூட்டை சுமந்து பழகிய பெண்களோடு உட்கார்ந்து பளுதூக்கும் போட்டி பார்க்க வேண்டும். மற்றவர்கள் கையையும் தோளையும் பார்க்கும்போது அவர்கள் முழங்காலைப் பார்ப்பார்கள். முழங்காலை மடக்கி, உடம்பை மூட்டைக்கு அடியில் கொடுத்து எழுந்தால்தான் பாரம் தலைக்கு ஏறும் என்பது அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானுவின் கலைக்குள் நுழைய அதுதான் வாசல்.

மணிப்பூரில் இம்பாலுக்குக் கிழக்கே நோங்போக் காக்சிங் என்ற கிராமத்தில் 1994-இல் பிறந்தவர். ஐந்தடிக்கும் குறைவான உயரம். அண்ணனால் தூக்க முடியாத விறகுக்கட்டைச் சிறுமியாக இருந்தபோதே வீட்டுக்குச் சுமந்துவந்த கதை ஊரறிந்தது. பயிற்சிக்கு இம்பால் போக மணல் லாரிகளில் தொற்றிக்கொண்டு போனதும், ஒலிம்பிக் பதக்கத்துக்குப் பிறகு அந்த லாரி ஓட்டுநர்களைத் தேடி அழைத்து மரியாதை செய்ததும் அப்படியே. எல்லாம் நெகிழ்ச்சியான கதைகள்தான். ஆனால் ஒரு பாடகியின் வறுமையைப் பேசிப்பேசி அவர் பாட்டைக் கேட்க மறந்துவிடுவது போன்ற அநியாயம், மீராபாய்க்கும் நடந்துகொண்டிருக்கிறது. அவருடைய கிளீன் அண்ட் ஜெர்க்கை நாம் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை.

பெண்களுக்கான கம்பியின் எடை 15 கிலோ; ஆண்களுடையதைவிட மெல்லியது. குனிந்து, கட்டைவிரலைக் கம்பியோடு சேர்த்து மற்ற விரல்களால் பூட்டிக்கொள்கிறார். தரையிலிருந்து முழங்கால் வரை அவசரமே இல்லை. அந்த நிதானம் அழகு. இங்கே பதறினால் இடுப்பு முந்திக்கொள்ளும், கம்பி உடம்பைவிட்டு விலகிவிடும். முழங்காலைத் தாண்டியதும் எல்லாம் மாறுகிறது. தொடை, இடுப்பு, கெண்டைக்கால் மூன்றும் ஒரே நொடியில் நிமிர்கின்றன. கம்பி தன் வேகத்தில் மேலே மிதக்கும் அந்தக் கணத்துக்குள் அவர் கீழே போய்விட வேண்டும். சும்மா விழுவதில்லை, கம்பியையே பிடித்துத் தன்னைக் கீழே இழுத்துக்கொள்கிறார். முழங்கைகள் சுழன்று முன்னே வர, கம்பி காறையெலும்பின் மேல் உட்காருகிறது. அப்போது அவர் முழுக்கக் குந்திய நிலையில் இருப்பார். உடல் எடையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட இரும்பு நெஞ்சின் மேல்.

எழுந்து நின்றபின் ஒரு மூச்சு. முழங்காலில் ஒரு சிறு தாழ்வு, உடனே ஒரு உந்து. வலுவானவர்கள் பலர் தோற்பது இந்த இடத்தில்தான். கம்பி மேலே கிளம்பும்போதே ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாகப் பிளந்து, கைகள் ஒரே வீச்சில் நீண்டு பூட்டிக்கொள்ள வேண்டும். முழங்கை கொஞ்சம் மடங்கி மறுபடி நிமிர்ந்தால் நடுவர்கள் சிவப்பு விளக்கைப் போட்டுவிடுவார்கள். மீராபாயின் ஜெர்க்கில் பாதங்கள் பலகையில் விழும் சத்தமும் முழங்கை பூட்டுவதும் ஏறக்குறைய ஒன்றாகவே நடக்கும். அந்த ஒருங்கிணைவைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

எடை குறைந்த பிரிவுகளில்தான் இந்தக் கலை முழுசாகத் துலங்கும் என்பது என் துணிபு. ஜார்ஜியாவின் லாஷா தலகாட்ஸே 2021-இல் 267 கிலோ தூக்கியபோது அது அவர் உடல் எடையைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. துருக்கியின் நயீம் சுலைமானோக்லு 1988 சியோல் ஒலிம்பிக்கில் 60 கிலோ பிரிவில் 190 கிலோ தூக்கினார், மும்மடங்கையும் தாண்டியது. பெரிய உடம்புக்கு அதன் பாரமே ஒரு தளம் தரும். சின்ன உடம்புக்கு அந்த ஆதரவு கிடையாது. அதற்கு இருப்பது வேகமும் கணக்கும்தான்.

நம் ஆட்களும் இதில் பெயர் வாங்கியவர்கள்தான். 1978 எட்மண்டன் காமன்வெல்த் போட்டியில் 52 கிலோ பிரிவில் தங்கம் வென்றவர் ஏகாம்பரம் கருணாகரன். 56 கிலோவில் வெள்ளி, தமிழ்ச்செல்வன். அந்தப் போட்டிக்காக பாட்மின்டன் வீரர் பிரகாஷ் படுகோனேயை நாடு நினைவில் வைத்திருக்கிறது. கருணாகரனை எத்தனை பேருக்குத் தெரியும்? வேலூர் சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம் 2014-இலும் 2018-இலும் 77 கிலோவில் தங்கம் எடுத்ததாவது நாளிதழ்களில் வந்தது.

மீராபாய்க்கு ஸ்னாட்ச் எப்போதும் இடறும். கம்பியை அகலப் பிடித்து ஒரே இழுப்பில் தலைக்குமேல் கொண்டுபோகும் அந்த முதல் பாதியில் சீனத்து வீராங்கனைகள் அவரை ஏழெட்டு கிலோ முந்திவிடுவார்கள். தோளில் சமநிலைக் கோளாறு இருந்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸுக்குப் போய் ஆரோன் ஹார்ஷிக்கிடம் அதைச் சரிசெய்துகொண்டார். ரியோ 2016-இல் கிளீன் அண்ட் ஜெர்க்கில் மூன்று முயற்சியும் தவறி, மொத்தக் கணக்கே இல்லாமல் திரும்பினார். அடுத்த ஆண்டு அனஹைமில் 194 கிலோவுடன் உலக சாம்பியன். டோக்கியோவில் 87-உம் 115-உம் சேர்த்து 202, வெள்ளி. இவையெல்லாம் எல்லோருக்கும் தெரியும்.

என்னைக் கேட்டால் அவருடைய உச்சம் டோக்கியோவில் இல்லை, அதற்குச் சில மாதங்கள் முன்பு தாஷ்கண்டில். 2021 ஏப்ரல், ஆசிய சாம்பியன்ஷிப். ஸ்னாட்சில் 85 கிலோ இரண்டு முறையும் தவறிவிட்டது. மூன்றாவதும் போனால் மொத்தக் கணக்கிலிருந்தே வெளியே. அந்த இடத்தில் எடையைக் கூட்டி 86 கேட்டுத் தூக்கினார். பிறகு கிளீன் அண்ட் ஜெர்க்கில் 119. 49 கிலோ பிரிவில் அதுவரை உலகில் யாரும் 118-ஐத் தாண்டியதில்லை. மொத்தத்தில் கிடைத்தது வெண்கலம்தான். சீனாவின் ஹோ சிஹூயும் ஜியாங் ஹூய்ஹுவாவும் முன்னே நின்றார்கள். ஆனால் அந்த 119-இல் அவர் கீழே போன வேகத்தையும் ஜெர்க்கில் கம்பி நின்ற நேர்த்தியையும் எந்தத் தங்கத்தோடும் வைத்துப் பார்க்கலாம்.

பாரிஸ் 2024-இல் கடைசி முயற்சியில் 114 நழுவியது. 199 கிலோவோடு நான்காமிடம், வெண்கலத்துக்கு ஒரே ஒரு கிலோ குறைவு. அதோடு முடிந்தது என்று பலர் எழுதினார்கள். 2025 அக்டோபரில் நார்வேயின் ஃபோர்டேவில் உலக சாம்பியன்ஷிப், இம்முறை 48 கிலோ பிரிவு. பழைய கதையே: ஸ்னாட்சில் 84 மட்டும் நின்றது, 87 இரண்டு முறை தவறியது. தாய்லாந்து வீராங்கனை 88 தூக்கி நான்கு கிலோ முந்தியிருந்தார். பிறகு 109, 112, 115. மூன்றும் சுத்தம். மொத்தம் 199, அந்தத் தாய்லாந்து வீராங்கனையை ஒரு கிலோ முந்தி வெள்ளி. 31 வயதில், டோக்கியோவில் தூக்கிய அதே 115-ஐ, அதைவிடக் குறைந்த எடைப் பிரிவில்.

2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான மிகக் குறைந்த பிரிவு 53 கிலோ. மீராபாய் அளவு உடம்புள்ளவர்கள் எடை ஏற்றிக்கொண்டுதான் அந்த மேடைக்குப் போக வேண்டும். இந்த முடிவு எனக்கு உடன்பாடில்லை. இந்த விளையாட்டின் நுட்பம் எங்கே அதிகமாகத் தெரிகிறதோ, அந்த இடத்தையே ஒலிம்பிக் இழக்கிறது. ஃபோர்டேவின் அந்தக் கடைசி 115 காணொளியாகக் கிடைத்தால் இரண்டு முறை பாருங்கள். முதல் முறை முழங்காலை. இரண்டாம் முறை, ஜெர்க்கில் பிளக்கும் பாதங்களை மட்டும்.