கட்டங்களும் கணினி நிரலும்

நிரல் எழுதக் கற்பார்க்கு முதலிற் படக்கருவி வேண்டுமா என்னும் வினா, பங்சாரை அடுத்த மலாயாப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களுக்கும் உரியதே. 2017 முதல் மலேசிய இடைநிலைப்பள்ளிகள் சிலவற்றில் முதற் படிவத்தார்க்குக் கணினி அறிவியல் அடிப்படை கற்பிக்கப்படுகிறது. ஆங்கு ஸ்கிராட்ச் கட்டங்களைக் கையாண்டவரும் பல்கலைக்கழகம் புகுகின்றனர்.

2007இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் வெளியிட்ட ஸ்கிராட்ச், கட்டளைகளை வண்ணக் கட்டங்களாக்கிப் பொருந்துவன மட்டுமே பொருந்தச் செய்தது. அரைப்புள்ளி விட்டமைக்காகக் கணினி சினப்பதில்லை! ஹார்வர்டின் தொடக்கப் பாடமும் இதனை முதற்கொண்டே பின்னர்ச் சி மொழிக்குச் செல்லும். மணலில் விரலோட்டிப் பின் ஓலைக்குச் சென்ற திண்ணைப்பள்ளி முறையோடு இஃது ஒக்கும்.

ஆயினும், பிழை நீங்குதல் வேறு. பொருள் விளங்குதல் வேறு. 'அ = அ + 1' என்னும் வரியைக் காணும் மாணவன், தான் கற்ற கணக்கறிவால், அதனைப் பொய்ச் சமன்பாடென்றே கருதுவான். வலப்புறம் முதலிற் கணிக்கப்பெற்று, அவ்விடை 'அ' என்னும் இடத்திலிருந்த பழையதை நீக்கி அமர்கிறது. 5 இருந்த இடத்தில் 6. ஸ்கிராட்சிலோ, ஒன்று கூட்டுதற்கெனத் தனிக்கட்டம் உண்டு. ஆகவே இம்மயக்கம் தீர்வதில்லை, மறைந்து நிற்கிறது. பிலிப் குவோ 2010இல் ஆக்கிய பைதன் டியூட்டர், வரிதோறும் நினைவகம் மாறுவதைப் படமாக்கும். அழகு குறைவுதான்; பல்கலைக்கழக மாணவர்க்கு வேண்டுவது அதுவே. அதனையும் பொத்தானை அழுத்திப் பார்த்திருந்தாற் பயனில்லை. அடுத்து வரும் மதிப்பைத் தாளில் எழுதிய பின்னரே அழுத்தச் சொல்லவேண்டும்.