சீனத்துக் கணக்கும் சேரிக் கேள்வியும்

எண்பதுகளின் கடைசியில் எங்க ஊர்ப் படிப்பகத்தில் ஞாயிறுதோறும் அரசியல் வகுப்பு நடக்கும். சேரியிலிருந்து போனது நாங்கள் நாலு பேர். வகுப்பெடுத்த தோழர் நல்ல மனுசன். எங்களோடு ஒரே பாயில் உட்கார்ந்து டீ குடிப்பார். அன்றைக்குப் பாடம் சீனப் புரட்சி. எங்களில் ஒருத்தன், நகராட்சித் துப்புரவுத் தொழிலாளியின் மகன், எழுந்து கேட்டான்: ‘‘தோழர், சீனாவுல பீ அள்ளுறது யாரு?’’ எல்லோரும் சிரித்தார்கள். தோழர் சிரிக்கவில்லை. ‘‘முதல்ல அடித்தளத்தைப் புரிஞ்சுக்கணும். உற்பத்தி உறவு மாறினா இதெல்லாம் தானா மாறும்’’ என்றார். அவன் உட்கார்ந்துவிட்டான். அடுத்த ஞாயிறு வரவில்லை.

அந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருந்தது. தோழருக்குத் தெரிந்திருக்கவில்லை, எனக்கும் ரொம்பக் காலம் கழித்துத்தான் தெரிந்தது. பெய்ஜிங்கில் ஷி சுவான்சியாங் என்றொரு மலமள்ளும் தொழிலாளி இருந்தார். 1959இல் அவரை முன்மாதிரித் தொழிலாளி என்று கவுரவித்தார்கள். நாட்டின் தலைவர் லியூ ஷாவோசி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். மலம் அள்ளிய கையை நாட்டின் தலைவர் தொட்டது சின்ன விசயமில்லை; அது எங்களுக்குத் தெரியும். ஆனால் பண்பாட்டுப் புரட்சியில் லியூ வீழ்த்தப்பட்டதும் அந்தக் கைகுலுக்கலே குற்றமாயிற்று. துரோகி என்று பட்டம் கட்டி வதைத்தார்கள். 1975இல் செத்துப்போனார். மரியாதை கொடுத்ததும் மேலே இருந்தவர்கள், பிடுங்கியதும் மேலே இருந்தவர்கள். நடுவில் அந்த மனிதருக்கென்று ஒரு பேச்சும் இல்லை.

இந்த ‘பேச்சின்மை’தான் சீனா பற்றிய நம் இடதுசாரி எழுத்துகளைப் படிக்கும்போதெல்லாம் என்னை உறுத்துகிறது. இங்கே இரண்டு தரப்பு. ஒரு தரப்பு சொல்லும்: 1978இல் டெங் சியாவோபிங் கதவைத் திறந்தார், அத்தோடு சோசலிசம் முடிந்தது. இன்னொரு தரப்பு சொல்லும்: 1921இல் லெனினே புதிய பொருளாதாரக் கொள்கை கொண்டுவந்து அந்நிய முதலாளிகளைக் கூப்பிட்டார், 1929இல் சோவியத் அரசு அமெரிக்காவின் ஃபோர்டு கம்பெனியோடு கார் தொழிற்சாலைக்கு ஒப்பந்தம் போட்டது, உற்பத்திச் சக்தி வளராமல் சோசலிசம் ஏது? இரண்டாம் தரப்பின் வரலாறு பொய்யல்ல. முதலாளித்துவ நாட்டோடு வியாபாரம் செய்தாலே துரோகம் என்று நானும் சொல்லமாட்டேன். என் விமர்சனம் இரண்டு தரப்பின் மொழி மேல். இரண்டிலும் ‘அரசு’ செய்யும், ‘கட்சி’ முடிவெடுக்கும், ‘மூலதனம்’ நுழையும். ‘உழைக்கும் வர்க்கம்’ என்பது வாக்கியத்தில் வந்து நிற்கும். ஆனால் அதற்கு ஊர் இல்லை, உடம்பு இல்லை, பெண்ணா ஆணா என்பதும் இல்லை. எவ்வளவு டாலர் வந்தது, எத்தனை தொழிற்சாலை அரசிடம் இருக்கிறது என்று கணக்குப் பார்க்கிறார்கள். யாரைக் கீழே வைத்து இந்தக் கணக்கு எழுதப்பட்டது என்று கேட்பதில்லை.

கேட்டால், கதை 1978இல் தொடங்காது. இருபது வருசம் முன்னால் போகணும். 1958 சனவரியில் சீன அரசு ‘ஹூகோவ்’ எனும் குடிப்பதிவுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஒவ்வொருவரும் விவசாயப் பதிவு, விவசாயமல்லாத பதிவு என்று இரண்டில் ஒன்று. நகரத்துப் பதிவு இருந்தால் ரேசன் தானியம், வேலை, வீடு, வைத்தியம். கிராமத்துப் பதிவு என்றால் நிலத்தோடு கட்டு. நகரத்துக்குப் போய்க் குடியேற அனுமதி வேண்டும். இந்தப் பதிவு பிறப்பால் வந்தது. 1998வரைக்கும் தாயின் பதிவுதான் பிள்ளைக்கு. நிலப்பிரபுவை ஒழித்து நிலத்தைப் பங்கிட்ட அதே புரட்சிதான், பிறப்பால் மாறாத இந்தக் கோட்டையும் கிழித்தது. சந்தை வந்துதான் ஏற்றத்தாழ்வு வந்தது என்று பேசுகிற தோழர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கணும். சந்தைக்குக் கோடு தயாராக இருந்தது. அது அதன் மேல் தொழிற்சாலை கட்டியது.

1979இல் அமெரிக்காவோடு முழு உறவு. 1980இல் ஷென்ஜென் முதலான நாலு சிறப்புப் பொருளாதார மண்டலங்கள். ஆங்காங், தைவான் முதலாளிகள் வந்தார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது கூலி குறைந்த, கேள்வி கேட்காத கை. கிராமத்துப் பெண்பிள்ளைகள் வந்தார்கள். வேலை நகரத்தில், பதிவு கிராமத்தில். அதனால் நகரத்துப் பள்ளிக்கூடம், ஆசுபத்திரி, வீடு எதிலும் பாத்தியதை இல்லை. பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வரணும். உடம்பு தேய்ந்தால் ஊருக்குத் திரும்பிவிடணும். வளர்க்கிற செலவு கிராமத்துக்கு, வேலை செய்யும் வயசு மட்டும் கம்பெனிக்கு. இதே காலத்தில், 1982இல் வந்த புது அரசியல் சட்டத்தில், முந்தைய சட்டத்திலிருந்த வேலைநிறுத்த உரிமை எடுக்கப்பட்டது. ‘தொழிலாளியின் அரசில் தொழிலாளி எதற்கு வேலைநிறுத்தம் செய்யணும்’ என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

1993 நவம்பர் 19. ஷென்ஜெனில் ஜீலி பொம்மைத் தொழிற்சாலையில் தீ. சன்னலுக்குக் கம்பி, வெளியே போகும் வழிகளுக்குப் பூட்டு. 87 பேர் செத்தார்கள். அநேகமாக எல்லோரும் கிராமத்திலிருந்து வந்த இளம்பெண்கள். அந்தப் பொம்மைகள் அய்ரோப்பியக் குழந்தைகளுக்குப் போனவை. பத்து வருசம் கழித்து, 2003 மார்ச்சில், குவாங்சோ நகரில் சுன் ஜிகாங் என்ற 27 வயது இளைஞனைத் தற்காலிகக் குடியிருப்புச் சீட்டு கையில் இல்லை என்று போலீஸ் பிடித்தது. காவலில் அடிபட்டுச் செத்தான். அவன் கல்லூரியில் படித்த பட்டதாரி என்பதால் நாடே கொதித்தது. பிடித்து ஊருக்கு அனுப்பும் அந்தச் சட்டம் அதே வருசம் நீக்கப்பட்டது. படிக்காதவன் செத்திருந்தால்? சொந்த நாட்டுக்குள் நடக்கச் சீட்டு. 2001 டிசம்பரில் சீனா உலக வணிக அமைப்பில் சேர்ந்திருந்தது. பொம்மைக்குக் கடல் தாண்ட வழி திறந்தாயிற்று. அதைச் செய்தவளுக்குத் தெரு தாண்டச் சீட்டு வேண்டியிருந்தது.

இதையெல்லாம் பொருளாதார நிபுணர்களிடமிருந்து மட்டும் நான் கற்றுக்கொள்ளவில்லை. அங்கே கூலிக்காரர்கள் கவிதை எழுதினார்கள். ஜெங் சியாவோசியோங் என்ற பெண், நர்சுக்குப் படித்துவிட்டு 2001இல் டோங்குவானுக்கு வேலை தேடி வந்தவர். இரும்புச் சாமான் பட்டறையில் வேலை. 2007இல் நாட்டின் பெரிய இலக்கியப் பத்திரிகை ஒன்றின் பரிசு கிடைத்தது. மேடையில் அவர் நன்றி சொன்னதோடு நிறுத்தவில்லை. முத்து ஆற்றுப் படுகைத் தொழிற்சாலைகளில் ஒரு வருசத்தில் 40,000க்கு மேல் விரல்கள் துண்டாகின்றன என்ற கணக்கைப் பேசினார். இன்னொருவர் சூ லீஜி. 1990இல் பிறந்தவர், ஷென்ஜென் ஃபாக்ஸ்கானில் வேலை பார்த்து, அங்கேயே நூலக வேலை கேட்டும் கிடைக்காமல், 2014 செப்டம்பர் 30இல் 24 வயதில் தன் உயிரை முடித்துக்கொண்டார். அதே கம்பெனியில் 2010இல் வரிசையாகத் தற்கொலைகள் நடந்தபோது நிர்வாகம் கட்டடங்களைச் சுற்றி வலை கட்டியது.

இவர்கள் கவிதையில் திருகாணி வரும், துரு வரும், ராத்திரி சிப்டு வரும். ‘இது கவிதையா, வெறும் புலம்பலா’ என்று அங்கேயும் கேட்டார்கள். எங்களுக்குப் பழகின கேள்வி. எங்கள் தன்வரலாறுகளைப் பார்த்து ‘கலை எங்கே’ என்று கேட்டவர்கள்தானே இங்கேயும். நான் சொல்வது இது: கட்சி ஆவணமும் எதிர்க்கட்சி ஆவணமும் விட்டுவிட்ட எழுவாயை இந்தக் கவிதைகள் வாக்கியத்தில் திரும்பப் போட்டன. ‘உற்பத்தி உயர்ந்தது’ என்பதைப் ‘என் விரல் போயிற்று’ என்று எழுதினால் அரசியல் பொருளாதாரமே வேறாகிவிடுகிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லணும். ஹூகோவும் சாதியும் ஒன்றல்ல. அங்கே தீட்டு இல்லை. படித்து, பணம் கட்டி, சிலர் கோட்டைத் தாண்டலாம். ஊர்வாரியாகச் சட்டத்தையும் தளர்த்தி வருகிறார்கள். 40 வருசத்தில் சுமார் 80 கோடிப் பேர் கொடும் வறுமையிலிருந்து மேலே வந்ததாக உலக வங்கி சொல்கிறது. பசித்தவனுக்கு அது அற்பமல்ல. அந்தச் சோற்றை நான் பழிக்கவில்லை. அந்தச் சோற்றை உண்டாக்கிய கிட்டத்தட்ட 30 கோடி இடம்பெயர்ந்த உழைப்பாளிகள் ஏன் இன்னும் ‘வந்தேறி’ கணக்கில் இருக்கிறார்கள் என்று கேட்கிறேன்.

சீனா தூரத்தில் இல்லை. ஷென்ஜெனைப் பார்த்துத்தான் நம் நாட்டிலும் 2005இல் சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டம் போட்டார்கள். அதே ஃபாக்ஸ்கான் திருப்பெரும்புதூருக்கு வந்தது. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு விசமாகிப் பெண்கள் ஆசுபத்திரியில் கிடந்தபோது, அவர்களின் கூட்டாளிகள் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். சிவப்புக்கொடி நாட்டிலும் மூவர்ணக்கொடி நாட்டிலும் கம்பெனி தேடியது ஒரே மாதிரிப் பிள்ளையை: கிராமத்திலிருந்து வந்தவள், விடுதியில் அடைபட்டவள், திருப்பி அனுப்பக்கூடியவள்.

அதனால் ‘சீனா சோசலிசமா, முதலாளித்துவமா?’ என்று இனி யாராவது கேட்டால், நான் பதில் சொல்வதற்கு முன் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கேள்வியைத்தான் திருப்பிக் கேட்பேன். அங்க அள்ளுறது யாரு? அவுங்க பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம் போகுது? ‘வேலைய நிறுத்துறோம்’னு அவுங்க சொல்ல முடியுமா? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாத சோசலிசத்தை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது இன்னும் எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை என்கிறேன். அன்றைக்கு எழுந்து கேட்டவனை உட்காரச் சொல்லியிருக்கக் கூடாது, தோழர்.